குர்பானி கீர்த்தனுக்குத் தில்ருபா: கடையில் கிடைப்பது எப்படி இருக்கிறது?

சீக்கியர்களின் புனிதப் பாடல்களான குர்பானியைப் பாடும் கீர்த்தனுக்குத் துணையாக, வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம் தில்ருபா. அமிர்தசரஸ், லூதியானா, டெல்லி கடைகளிலும் இணையத்திலும் ஆயத்தமாகக் கிடைக்கும் தில்ருபாவைப் பற்றிய மதிப்பீடு இது. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். மரவேலை பெரும்பாலும் தேறுகிறது. குதிரை (தந்திகளைத் தாங்கி நிற்கும் துண்டு), மெட்டு (தண்டில் சுர இடங்களைக் காட்டும் உலோகக் கம்பி), வில் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தேறுவதில்லை. அந்த மூன்றையும் சரிசெய்யத் தெரிந்தவர் பக்கத்தில் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அப்படி யாரும் இல்லையென்றால், அந்த வேலையை நீங்களே செய்யும் அளவுக்குக் கீழே எழுதியிருக்கிறோம்.

இந்த வாத்தியத்துக்கு இப்போது தேவை கூடியிருப்பதற்குக் காரணம் உண்டு. 2022-இல் சீக்கியர்களின் உயர் சமயபீடமான அகால் தக்த், பொற்கோவில் கீர்த்தனிலிருந்து ஆர்மோனியத்தை 3 ஆண்டுகளுக்குள் படிப்படியாக விலக்கி, அந்த இடத்தில் தந்தி வாத்தியங்களைக் கொண்டுவரும்படி, குருத்வாராக்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டியிடம் சொன்னது. ஆர்மோனியம் அங்கே நுழைந்ததே 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான். அதற்கு முன்பு அங்கே ஒலித்தவை ரபாப், சரந்தா, தாவுஸ், தில்ருபா போன்றவை. அவற்றைப் பஞ்சாபியில் ‘தந்தி சாஸ்’ என்பார்கள். தந்தி என்ற சொல்லை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. குரு நானக்கோடு ரபாப் ஏந்தி நடந்த பாய் மர்தானா ஒரு முஸ்லிம். அவருடைய வழியில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த ரபாபிகளும் முஸ்லிம்கள்தான். 1947 பிரிவினையில் அவர்கள் லாகூர்ப் பக்கம் போய்விட, கேட்டுக் கேட்டே கைமாறி வந்த ஒரு பாடம் பாதியில் அறுந்தது. வாசிப்பவர் குறைந்தால் செய்பவரும் குறைவார். இன்றைக்குக் கடையில் தொங்கும் தில்ருபாவின் குறைகளில் பாதி அங்கிருந்து வந்தவை.

அறுந்ததைப் பிடித்துக் கட்டியவர்களும் உண்டு. பைணி சாகிப்பின் நாம்தாரிகள் என்ற சீக்கியப் பிரிவினர், 1991 முதல் குர்மத் சங்கீத (சீக்கிய குருமார் மரபின் இசை) மாநாடு நடத்திய லூதியானாவின் ஜவத்தி டக்சால், குர்மத் சங்கீதத்துக்கென்றே தனி இருக்கை வைத்த பட்டியாலா பஞ்சாபிப் பல்கலைக்கழகம் ஆகியோரின் உழைப்பு இல்லையென்றால் இன்று இந்த வாத்தியத்தை வாங்க ஆளே இருக்காது.

ஆர்மோனியம் இருக்கும்போது தில்ருபா எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு சுரத்தை வைத்துப் பதில் சொல்லலாம். சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிப்பின் பெரும்பகுதி, ஸ்ரீ ராகத்தில் தொடங்கி ஜைஜாவந்தியில் முடியும் 31 ராகங்களாக வகுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பதத்தின் தலைப்பிலும் ராகப் பெயர் நிற்கிறது. பிலாவல் ராகத்துக்கு வேண்டிய காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்கில் அந்தர காந்தாரம். அரைச்சுர இடைவெளியை 100 பங்காக வைத்தால், தம்புராவோடு இழைந்து நிற்கும் காந்தாரம் சம இடைவெளியில் அமைத்த ஆர்மோனியக் காந்தாரத்துக்கு 14 பங்கு கீழே இருக்கிறது. கட்டையை அழுத்தினால் அந்த இடம் வராது. ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிப் போவதும் ஆர்மோனியத்தால் ஆகாது. தில்ருபாவில் இரண்டும் உண்டு. 1940 முதல் முப்பது ஆண்டுக்கு மேல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை ஒதுக்கி வைத்திருந்ததற்குச் சொன்ன காரணங்களிலும் இவை உண்டு.

இனி வாத்தியத்துக்கு வருவோம். மூன்று, மூன்றேகால் அடி நீளம். அகலமான தண்டில் 18 முதல் 20 வரை உலோக மெட்டுகள். கீழே சாரங்கியைப் போல இடுப்பு குறுகிய பெட்டி, அதன் முகத்தில் ஆட்டுத்தோல். மேலே நான்கு முதன்மைத் தந்திகள். அவற்றின் அடியில், நாம் தொடாமலே அதிரும் தரப் தந்திகள் பன்னிரண்டிலிருந்து இருபது வரை. தாவுஸ் என்ற பெரிய மயில் வாத்தியத்தைக் குதிரைச் சவாரியில் கொண்டுபோக வசதியாகச் சுருக்கியதே தில்ருபா என்று சீக்கிய மரபு சொல்கிறது. தாவுஸை வடமொழியில் மயூரி வீணை என்பார்கள்.

மரம் பெரும்பாலும் தூன். சில கடைகளில் சீஷம். தூன் எடை குறைவு, ஒலி இளகியது. தோளில் சாய்த்து ஒரு மணி நேரம் உட்கார வேண்டிய கீர்த்தனுக்கு அதுவே மேல். சீஷத்தில் செய்தது பார்க்க அழகாக இருக்கும், வாசிக்க வாசிக்கக் கனக்கும். மரத்தைவிட முக்கியம், அது காய்ந்த மரமா என்பது. தண்டின் பின்புறத்தைக் கண்ணுக்கு நேராக நீட்டிப் பாருங்கள். நடுவில் பள்ளமோ முறுக்கலோ தெரிந்தால், பச்சை மரத்தில் செய்தது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தக் கோளாறைப் பிறகு எந்த வேலையாலும் முழுதாகத் தீர்க்க முடியாது. தரப் தந்திகளை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பிரடைகளைத் தாங்கும் மரப்பட்டை தண்டின் பக்கவாட்டில் தனியாக ஒட்டப்பட்டிருக்கும். அதை விரல் நுனியால் தட்டினால் ஒரே மரம்போலக் கேட்க வேண்டும். ‘டொக்’ என்று வெற்றொலி வந்தால் பசை விட்டிருக்கிறது. வாசிக்கும்போது இரைச்சல் அங்கிருந்துதான் வரும். தந்த நிறப் பிளாஸ்டிக் பூவேலைக்குக் காசு கொடுக்காதீர்கள்.

தோல்தான் இந்த வாத்தியத்தின் குரல். பெட்டியின் விளிம்பில் சுருக்கமின்றி, எல்லாப் பக்கமும் ஒரே இழுவையில் ஒட்டியிருக்க வேண்டும். குதிரைக்கு இருபுறமும் விரலால் லேசாகச் சுண்டிப் பாருங்கள். ஒலி ஒரே மாதிரி வர வேண்டும். கனமான தோல் நீண்ட நாள் உழைக்கும், ஆனால் ஒலி மந்தமாக இருக்கும். சில கடைகள் இப்போது செயற்கைத் தோல் போடுகின்றன. மழைக்கும் வெயிலுக்கும் அசையாது என்பது உண்மைதான். ஆனால் மனிதக் குரலுக்கு அருகில் நிற்கும் அந்தக் கம்மல் போய்விடுகிறது. கடலோர ஊர்க்காரர்களுக்குக்கூட அதை எங்களால் பரிந்துரைக்க முடியவில்லை.

கடை வாத்தியம் முதலில் சறுக்குவது குதிரையில். தில்ருபாவின் குதிரை வீணைக் குதிரையைப் போல அகலமானது அல்ல. செங்குத்தாக நிற்கும் மெல்லிய துண்டு. முதன்மைத் தந்திகள் அதன் தலையில் ஏறிப் போகின்றன, தரப் தந்திகள் அதன் உடம்பில் போட்ட சிறு துளைகளுக்குள் நுழைந்து போகின்றன. பல கடை வாத்தியங்களில் தலை தட்டையாக இருக்கிறது. அப்படியிருந்தால் முதல் தந்தியை மட்டும் வில் தொடாது. இரண்டாவதையும் சேர்த்தே உரசும். தலையில் லேசான வளைவும், முதல் தந்திக்குப் பக்கவாட்டில் வில் போக இடமும் வேண்டும். துளைகளின் ஓரம் கரடுமுரடாக விடப்பட்டிருந்தால் தரப் தந்தி அங்கேயே அறுபடும். மெல்லிய ஊசி அரத்தை நுழைத்து நான்கைந்து இழுப்பு இழுத்தால் தீர்கிற வேலை இது. கடைக்காரர்கள் ஏன் செய்வதில்லை என்றால், வாங்குபவர் கேட்பதில்லை.

குதிரை நிற்கும் இடத்தை அளந்தே வைக்க வேண்டும். மேலே தந்தி ஏறி அமரும் எலும்புத் துண்டிலிருந்து குதிரைவரை நீளம் 60 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். முதல் தந்தியை மத்யமத்தில் சேர்ப்பது வழக்கம். அப்படியானால் ஷட்ஜ மெட்டு குதிரையிலிருந்து 40 செ.மீ., மேல் மத்யம மெட்டு 30 செ.மீ. தூரத்தில் இருக்க வேண்டும். முப்பதாம் செ.மீ. மெட்டில் விரல் வைத்தால் திறந்த தந்தியின் மேல் மத்யமம் கேட்கிறதா என்று பாருங்கள். கேட்கவில்லையென்றால் மெட்டுகளைத் தொடாதீர்கள், முதலில் குதிரையை நகர்த்துங்கள். விரல் அழுத்தத்தில் சுரம் மயிரிழை ஏறும், ஆகவே கடைசித் தீர்ப்பு காதுடையது. இடம் சரியானதும் குதிரையின் கால்களைச் சுற்றித் தோலில் பென்சிலால் கோடு போட்டு வையுங்கள். தந்தி மாற்றும்போது அது எத்தனை உதவி என்பது அன்றைக்குத் தெரியும்.

மெட்டுக்கு வருவோம். நம் வீணையில் 24 மெட்டும் மெழுகில் பதிந்து அசையாமல் இருக்கும். தில்ருபாவில் ஒவ்வொரு மெட்டும் நூலால் தண்டோடு கட்டப்பட்டிருக்கிறது, நகர்த்தலாம். இந்த வாத்தியத்தின் மேன்மையே அதில்தான் இருக்கிறது. ஏறக்குறைய இரண்டு ஸ்தாயிக்குப் பத்தொன்பது மெட்டுதான் என்பதால் எல்லா அரைச்சுரத்துக்கும் தனி மெட்டு கிடையாது. ராகம் மாறும்போது சிலவற்றை நகர்த்தியாக வேண்டும். பிலாவலிலிருந்து பைரவுக்கு, அதாவது சங்கராபரணத்திலிருந்து மாயாமாளவகௌளைக்குப் போனால் ரிஷபமும் தைவதமும் கீழே இறங்கும்.

கடையில் இந்த மெட்டுகளை மின்னணு சுருதிமானியை வைத்து ஆர்மோனியக் கணக்கில் கட்டிக் கொடுக்கிறார்கள். ஆர்மோனியத்தை விட்டு வருபவர் கையில், ஆர்மோனியத்தின் அதே காந்தாரத்தைத் தந்தியில் கட்டித் தருவது போன்றது அது. திருத்துவது கடினமல்ல. தம்புராவை ஓடவிடுங்கள். மேலே சொன்ன 60 செ.மீ. நீளத்தில், ஆர்மோனியக் காந்தாரம் குதிரையிலிருந்து சுமார் 31.8 செ.மீ.; இழைந்த காந்தாரம் 32 செ.மீ. வெறும் 2 மி.மீ. பிரடைப் பக்கமாகத் தள்ளினால் போதும். நெல்மணியின் குறுக்களவு அவ்வளவு இருக்கும். அந்த நகர்வுக்குப் பிறகு அதே சுரத்தை வில்லால் இழுத்துப் பாருங்கள். அதுவரை தம்புராவோடு உரசி அலையடித்துக்கொண்டிருந்த ஒலி சட்டென்று அமைதியாகும். அடியிலிருந்து தரப் தந்தி எழுந்து வரும்.

கட்டு நூல் நைலான் என்றால் வழுக்கும், பருத்தி என்றால் நாளடைவில் தளரும். மெழுகு தடவிய பருத்தி நூல் நடுவழி. முடிச்சு தண்டின் பின்பக்கத்தில், இடது கட்டைவிரல் ஓடும் தடத்துக்கு வெளியே இருக்கட்டும்.

தரப் தந்திகளைச் சேர்க்கப் பொறுமை வேண்டும். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்ட ராகத்தின் சுரங்களில் வரிசையாகச் சேர்க்க வேண்டும். ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் ஒன்றுக்கு இரண்டு இருந்தால் நல்லது. பொதுவாக 0.22, 0.23 மி.மீ. எஃகுத் தந்தி பொருந்தும். முதல் தந்திக்கு ஏறக்குறைய 0.30 மி.மீ. எஃகு. இரண்டாவது ஷட்ஜம், மற்ற இரண்டும் மந்தர ஷட்ஜம், பஞ்சமம் என்று குருவுக்குக் குரு மாறும். தரப் சரியாகச் சேர்ந்ததா என்று பார்க்க, செய்தித்தாளில் அரிசியளவு துண்டு கிழித்து V வடிவில் மடித்து அந்தத் தந்தியின்மேல் உட்கார வையுங்கள். முதன்மைத் தந்தியில் அதே சுரத்தை வில்லால் இழுங்கள். சேர்ந்திருந்தால் காகிதம் துடித்துக் கீழே விழும். சேரவில்லையென்றால் அப்படியே உட்கார்ந்திருக்கும். பிரடை வழுக்கினால் வெளியே எடுத்துச் சாக்கட்டிப் பொடி தேயுங்கள். இறுகிப் போனால் கொஞ்சம் உலர் சோப்பு. எண்ணெய் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கூடாது.

வில், கடைகள் கூடவே கொடுக்கும் பொருள்களில் மிக மோசமானது. குதிரை மயிருக்குப் பதிலாக நைலான் இழை போட்ட வில் நிறைய வருகிறது. ஓர் இழையை எடுத்துத் தீயில் காட்டுங்கள். மயிர் கருகி நாறும், நைலான் உருகி மணியாகத் திரளும். புது வில் எந்த ஒலியும் எழுப்பாது. வாத்தியம் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள்கூட உண்டு. பிசின் ஏறினால்தான் மயிர் தந்தியைப் பிடிக்கும். பஞ்சாபில் அதற்குப் பெயர் பிரோஜா. புதுப் பிசின் கட்டியின் மேற்பரப்பை உப்புத்தாளால் கொஞ்சம் கீறி, முதல் தடவை முப்பது நாற்பது இழுப்பு கொடுங்கள். பிறகு தினமும் நாலைந்து போதும். அதிகமானால் ஒலி கரகரக்கும், தோலின்மேல் வெள்ளைப் பொடி படியும். அதை உலர்துணியால் அன்றன்றே துடைத்துவிடுங்கள். ஈரத்துணி தோலைத் தளர்த்தும்.

கைக்குப் பழகாதவரை வரும் கீச்சொலிக்கு வாத்தியத்தைக் குறை சொல்ல வேண்டாம். வில் குதிரைக்கு மேலே நாலைந்து செ.மீ. தூரத்தில், தந்திக்குக் குறுக்காக நேராகப் போக வேண்டும். அது மெட்டுப் பக்கம் சாய்ந்து ஏறினால் ஒலி காற்றாகும். குதிரைப் பக்கம் இறங்கினால் கீச்சிடும். தண்டை இடது தோளில் சாய்த்து, இடதுகை ஆள்காட்டி, நடுவிரல் இரண்டால் தந்தியை மெட்டின் மேலேயே வழுக்கிக் கொண்டுபோக வேண்டும். கிதாரைப் போல மெட்டுக்கு மெட்டு நடுவில் அழுத்துவதில்லை. மெட்டு இங்கே வழிகாட்டி மட்டுமே. பாடுபவரின் குரல் எங்கே வளைகிறதோ அங்கே விரலும் வளைய வேண்டும். பதத்தில் ‘ரஹாவ்’ என்று குறித்த வரிதான் பல்லவியைப் போலத் திரும்பத் திரும்ப வருவது. முதலில் அந்த ஒரு வரியைக் குரலோடு இழைத்து வாசிக்கப் பழகிக்கொண்டு, மற்றவற்றுக்குப் பிறகு போகலாம்.

தில்ருபாதான் வேண்டும் என்று கட்டாயம் இல்லாதவர்கள் எஸ்ராஜையும் பாருங்கள். வங்காளத்தில் இன்னும் வழக்கத்தில் இருக்கும் உடன்பிறப்பு அது. பெட்டி சிறியது, ஒலி மெலிது, விரல்முறை ஏறக்குறைய ஒன்றே. அதே விலைக்கு எஸ்ராஜில் வேலைப்பாடு சுத்தமாக இருப்பதைப் பார்க்கிறோம். வீட்டில் பழக அது போதும். சபையில் தில்ருபாவின் கனம் வேண்டும். தாவுஸின் ஒலி ஆழமானது, மனத்தை அள்ளும். ஆனால் முதல் வாத்தியமாக வேண்டாம். தூக்கிச் செல்லவும் சிரமம், சிறு தோல் தளர்வும் பெரிய தொல்லையாகும். ரபாப் தேடுபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கடையில் அந்தப் பெயரில் கொடுப்பது பெரும்பாலும் காபூலி ரபாப். மெட்டோ தரப்போ இல்லாத, நரம்புத் தந்திகள் கொண்ட பழைய பஞ்சாபி ரபாப் வேறு. அது வேண்டுமென்றால் சொல்லித்தான் செய்யவேண்டும். சரந்தாவும் அப்படித்தான்.

தாளத்துக்குத் தபலா வைத்துக்கொள்ளலாம், ஆனால் பழைய துணை ஜோரி என்ற இரட்டை முழவு. அதன் இடது முகத்தில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிசைந்த கோதுமை மாவை அப்புவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். மிருதங்கத் தொப்பியில் ரவை அப்புவதைப் பார்த்தவர்களுக்கு இது வேற்றுப் பழக்கமாகத் தெரியாது. மாவு இளகினால் ஒலி வழியும், காய்ந்தால் வெடித்து உதிரும். காது மடலின் மென்மை என்று பதம் சொல்லலாம்.

சபையில் இந்த வாத்தியம் கேட்காமல் போவதற்கு ஒலிபெருக்கி வேலையும் ஒரு காரணம். ஆர்மோனியமும் தபலாவும் முழுச் சத்தத்தில் இருக்க, தில்ருபாவுக்கு ஒரு மூலையில் மைக் வைத்தால் அது எடுபடாது. தோல் முகத்துக்கு நேரே 20 முதல் 30 செ.மீ. தூரத்தில், வில் கை போய்வரும் பக்கத்தைத் தவிர்த்து மைக்கை வையுங்கள். குதிரைக்கு மிக அருகில் வைத்தால் வில் உரசும் ஒலிதான் பெரிதாகும். ஆர்மோனியத்தையும் தில்ருபாவையும் ஒன்றாக வைப்பதானால், ஆர்மோனியம் ஷட்ஜத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருக்கட்டும்.

கூரியரில் வாங்குவோருக்கு: அனுப்புமுன் எல்லாத் தந்தியையும் இரண்டு சுரம் தளர்த்தச் சொல்லுங்கள். முழுதாகக் கழற்ற வேண்டாம். குதிரை கீழே விழுந்து தோலைக் குத்தும். வந்ததும் உறையோடு ஒரு நாள் அறையில் வைத்துவிட்டு, மறுநாள் பாதிச் சுருதிக்கும் அதற்கடுத்த நாள் முழுச் சுருதிக்கும் ஏற்றுங்கள். மழைக்காலத்தில் தோல் தளர்ந்து குதிரை அமிழும். தந்தி மெட்டில் இடித்து ‘ஜிர்’ என்று இரையும். வெயிலில் காட்டித் தோலை இறுக்கினால் அது ஓரத்தில் கிழியும். பெட்டிக்குள் நாலைந்து சிலிக்கா ஜெல் பொட்டலம், அறையில் மின்விசிறி, வாசித்து முடித்ததும் அரைச்சுரம் தளர்த்தல் ஆகிய மூன்றிலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். வட இந்தியக் கோடையில் நிலைமை தலைகீழ்: தோல் வறண்டு இறுகும், சுருதி ஏறும், அப்போது தந்தி அறும்.

சொல்லிச் செய்யும் தில்ருபா, ஆயத்த வாத்தியத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் போவது சாதாரணம். முதல் ஓரிரு ஆண்டுக்கு ஆயத்த வாத்தியமே போதும் என்பது எங்கள் எண்ணம். மிச்சமாகும் காசில் நல்ல குதிரைமயிர் வில் ஒன்று, இரண்டு செட் தந்தி, மாற்றுக் குதிரை ஒன்று, கனத்த உறை ஒன்று வாங்குங்கள். கடைக்காரரிடம் கேட்க வேண்டியவை மூன்று: தோல் எப்போது ஏற்றியது? மெட்டுக் கட்டியவர் யார், அவர் திரும்பக் கட்டித் தருவாரா? தரப் தந்தி அறுந்தால் அந்த அளவில் மறுபடி கிடைக்குமா? மூன்றுக்கும் தயங்காமல் பதில் சொல்பவர், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே வாங்குங்கள்.